கூரைக்கு வெளியே நிற்கும் நட்பு

மேலூர்ப் பக்கம் திருவாதவூர்க்காரர்களிடம் ஊர்ப் பெருமையைக் கேட்டால் இரண்டு பெயர்கள் வரும். ஒருவர் மாணிக்கவாசகர். இன்னொருவர் கபிலர். கபிலர் பிறந்தது இந்த ஊரில்தான் என்று பழைய திருவிளையாடற் புராணம் சொல்கிறது. மாணிக்கவாசகருக்குக் கோயிலும் குருபூசையும் இருக்கின்றன. கபிலருக்குப் பள்ளிக்கூடக் கட்டுரை இருக்கிறது. 'நட்பு' என்று தலைப்புக் கொடுத்து எழுதச் சொன்னால் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் கபிலர் - பாரியில் தொடங்கி, கோப்பெருஞ்சோழன் - பிசிராந்தையார் வழியாக நடந்து, அதியமான் - ஔவையில் போய் முடிப்பார்கள். நானும் அப்படி எழுதி மார்க் வாங்கியவன்தான்.

அந்தக் கட்டுரைகளில் ஒரு கேள்வி மட்டும் எழுப்பப்பட்டதே இல்லை. யார் யாரோடு நட்பாக இருக்கலாம் என்பதை முடிவு செய்தது யார்? நட்பு என்பது இரண்டு மனசுக்குள் நடக்கிற காரியம் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அது பாதி உண்மை. நட்பு நடப்பதற்கு உட்கார ஒரு திண்ணை வேண்டும், குடிக்க ஒரு சொம்புத் தண்ணி வேண்டும், ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டுக்கொள்ள ஒரு சொல் வேண்டும். இந்த மூன்றையும் சாதி எப்படிக் காவல் காத்தது என்று எழுதினால் அதுதான் இங்கே நட்பின் சமூக வரலாறு.

கபிலரிடமிருந்தே தொடங்கலாம். பறம்புமலை என்று சங்கப் பாடல்கள் சொல்வது இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலை என்பது பொதுவான கருத்து. மூவேந்தர்கள் முற்றுகையிட்டபோது கபிலர் மலைக்குள்ளே பாரியோடு இருக்கிறார். வாளால் இதை வாங்க முடியாது, பாடிக்கொண்டு வாருங்கள், மலையையே கொடுப்பான் என்று வேந்தர்களைப் பார்த்து எகத்தாளமாகச் சொல்கிறார். முந்நூறு ஊரையும் கேட்டவர்கள் வாங்கிப் போய்விட்டார்கள், மிச்சம் நாங்கள் இரண்டு பேர்தான் என்கிறார். பாரி கொல்லப்பட்ட பிறகு அவன் பெண்மக்களைக் கூட்டிக்கொண்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் போய் நிற்கிறார். இரண்டு பேரும் மறுக்கிறார்கள். கடைசியில் அந்தப் பிள்ளைகளை ஒரு இடத்தில் சேர்த்துவிட்டு உயிரை விடுகிறார். 11-ஆம் நூற்றாண்டில் இராசராசன் காலத்தில் திருக்கோவலூர்க் கோயிலில் வெட்டிய கல்வெட்டு, பாரி மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீயில் இறங்கினார் என்று சொல்கிறது. செத்துப்போன சிநேகிதனின் பாரத்தைச் சுமந்து நடந்த மனுசன் அவர். இதைச் சிறுமைப்படுத்துவது என் நோக்கம் அல்ல.

ஆனால் இருங்கோவேளிடம் அவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் விதம் கவனத்திற்குரியது. புறநானூற்றின் 201-ஆம் பாட்டில் அவர் சொல்லிக்கொள்வது மூன்று: இந்தப் பிள்ளைகளின் தகப்பனுக்குத் தோழன், அந்தணன், புலவன். தோழன் என்று சொன்னால் மட்டும் வாசல் திறக்காது, அந்தணன் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டியிருந்தது. அவர் சொன்னதில் கள்ளம் ஒன்றும் இல்லை. நட்புக்கு அன்றைக்கே அடையாளச் சீட்டுக் கேட்டிருக்கிறார்கள் என்பதுதான் நமக்கு இதிலிருந்து கிடைக்கும் சேதி. அதே புறநானூற்றில் மாங்குடி கிழார் துடியன், பாணன், பறையன், கடம்பன் ஆகிய நாலு குடிகளை எண்ணிச் சொல்கிறார். பறம்பைச் சுற்றி நடந்த போரில் பறையடித்தவனுக்கும் ஒரு கூட்டாளி இருந்திருப்பான். அவன் செத்தபோது இவன் அழுதிருப்பான். அந்த நட்பைப் பாட யாருக்கும் பரிசில் கிடைக்காது, ஆகவே பாட்டும் இல்லை.

பின்னால் வந்த மக்கள் கபிலரைச் சும்மா விடவில்லை. 'கபிலர் அகவல்' என்று பிற்காலத்து நூல் ஒன்று அவர் பெயரில் வழங்குகிறது. ஆதி, பகவன் என்கிற தாய் தகப்பனுக்குப் பிறந்த ஏழு பிள்ளைகள், வண்ணார் வீடு, பறையர் சேரி, குறவர் குடி, பாணர் சேரி என்று ஆளுக்கொரு இடத்தில் வளர்கிறார்கள். கபிலர் பார்ப்பார் வீட்டில் வளர்ந்து, பூணூல் போட மறுக்கும் பார்ப்பாரிடம் சாதி ஏது என்று வாதாடுகிறார். சங்கக் கபிலருக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை என்று புலவர்கள் ஒதுக்குவார்கள். இருக்கட்டும். ஒரு வயிற்றில் பிறந்தும் ஒரு பந்தியில் உட்கார முடியாத பிள்ளைகள் என்று ஒரு கதையை இந்தச் சமூகம் ஏன் கட்டியது என்பதுதான் எனக்கு முக்கியம்.

பிசிராந்தையார் கதைக்கு வேறொரு ருசி உண்டு. உறையூர்ச் சோழனும் பாண்டிநாட்டுப் பிசிரில் இருந்த புலவரும் பார்த்துக்கொள்ளாமலே நண்பர்கள். சோழன் வடக்கிருந்தபோது ஆந்தையார் வந்து சேர்ந்தார். காணாமலே நட்பு என்று இதைக் கொண்டாடுகிறோம். திருநெல்வேலிச் சீமையில் புரத வண்ணார் பகலில் வெளியே வரக்கூடாது, கண்ணில் பட்டாலே தீட்டு என்று இருந்தது 1932-ல் பத்திரிகைச் செய்தியாக வந்தது. தாழ்த்தப்பட்டவர்களின் துணியை வெளுத்தவர்கள் அவர்கள். காணாமல் இருப்பது ஒருவருக்கு நட்பின் உச்சம், இன்னொருவருக்கு விதிக்கப்பட்ட தண்டனை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்க நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

குறளில் நட்பைப் பற்றி ஐந்து அதிகாரங்கள், ஐம்பது குறள்கள். பழக்கம்கூட வேண்டாம், ஒத்த உணர்ச்சி போதும் என்று ஒரு குறள். அடுத்த அதிகாரத்திலேயே, குணத்தோடு குடிமையையும் இனத்தையும் ஆராய்ந்து பார்த்து நட்புக்கொள் என்று இன்னொரு குறள். குடிமை என்றால் ஒழுக்கம்தான் என்று சமாதானம் சொல்கிறவர்கள் உண்டு. சொல்லட்டும். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு விசாரிக்கிற மாதிரி சிநேகிதத்துக்கும் விசாரிக்கச் சொல்லியிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. தொல்காப்பியமோ தோழி யார் என்று கேட்டு, செவிலியின் மகள்தான் தோழி என்று இலக்கணமே வகுத்துவிட்டது. வளர்த்த தாதியின் மகள். தலைவியின் காதலுக்காக அவள் தூது போவாள், பொய் சொல்வாள், ராத்திரி காவல் இருப்பாள். அவளுக்கென்று ஒரு காதல் எந்தப் பாட்டிலாவது வருகிறதா, தேடிப் பாருங்கள். பெரியபுராணத்தில் சுந்தரர் தம்பிரான் தோழர். அந்தத் தோழருக்காகச் சிவனே ராத்திரியில் பரவையார் வீட்டுக்கு நடையாய் நடக்கிறார். அதே புராணத்தில் நந்தனுக்கு நந்தி விலகுகிறது, ஆனால் தில்லைக்குள் நுழையத் தீயில் இறங்கியாக வேண்டும். சாமியின் சிநேகிதத்திலும் தராதரம் இருந்திருக்கிறது.

சரி, அறிவியல் நட்பைப் பற்றி என்ன சொல்கிறது? 1950-ல் ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பேக் என்ற மூவர் அமெரிக்காவில் மாணவர் குடியிருப்பு ஒன்றை ஆராய்ந்து நூல் வெளியிட்டார்கள். யாருக்கு யார் சிநேகிதர் ஆனார்கள் என்று பார்த்தால், குணமோ கொள்கையோ அல்ல, கதவுக்குக் கதவு எத்தனை தூரம் என்பதுதான் பெரிய காரணமாக இருந்தது. அடுத்த வீட்டுக்காரர், மாடிப்படி அருகே இருக்கிறவர், தபால் பெட்டிப் பக்கம் அடிக்கடி கண்ணில் படுகிறவர், இவர்களே நண்பர்கள். ராபின் டன்பார் என்கிற ஆங்கில ஆய்வாளர் குரங்குகளிலிருந்து தொடங்குகிறார். குரங்குகள் ஒன்றுக்கொன்று பேன் பார்ப்பது சுத்தத்துக்காக மட்டும் அல்ல. சில இனங்கள் பகல்பொழுதில் ஐந்தில் ஒரு பங்குவரை இதற்கே செலவழிக்கின்றன. விரல் பட்டுத் தடவும்போது மூளையில் எண்டார்பின் என்கிற பொருள் சுரக்கிறது, வலி குறைகிறது, பக்கத்தில் இருப்பவர்மேல் ஒட்டுதல் வருகிறது. மனிதர்களுக்குச் சேர்ந்து சிரிப்பதும் பாடுவதும் ஆடுவதும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதும் அதே வேலையைச் செய்கின்றன என்பது அவர் வாதம். ஒரு மனுசன் சுமார் 150 பேர்வரைதான் உறவாக வைத்துக்கொள்ள முடியும், உயிருக்குயிராக இருப்பவர்கள் ஐந்து பேர்தான் தேறுவார்கள் என்றும் கணக்குப் போடுகிறார். அந்த எண்ணிக்கையில் தகராறு உண்டு. தொடுதலும் சேர்ந்து உண்பதும் பற்றிய பகுதிதான் நமக்கு வேண்டியது.

நம் ஊர்த் திண்ணைகளில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஒருத்தி தலையில் ஒருத்தி பேன் பார்ப்பார்கள். அந்த வரிசையில் எந்தத் தெருக்காரர்கள் உட்கார்வார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் குடியிருக்காதே, தொடாதே, சேர்ந்து சாப்பிடாதே. தீண்டாமையின் விதிகளை எழுதிவைத்து அதன் பக்கத்தில் நட்பு உண்டாகும் வழிகளை எழுதிவைத்தால் ஒன்றுக்கு ஒன்று மறுதலையாக நிற்கிறது. சாதியைக் கட்டியவர்கள் ஆராய்ச்சி எதுவும் செய்யவில்லை. ஆனால் மனசு எங்கே ஒட்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, அங்கங்கே வேலி போட்டிருக்கிறார்கள். ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம். மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில் 1989-ல் அந்த வேலியைச் சுவராகவே எழுப்பினார்கள். 2008 மே 6-ல்தான் அதில் ஒரு பகுதி இடிக்கப்பட்டது.

நட்பு இல்லாமல் போனால் என்ன குடிமுழுகிப் போகும் என்று கேட்பவர்களுக்கு: 2010-ல் ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாடும் மற்றவர்களும் 148 ஆய்வுகளை, 3,08,849 பேரின் தகவல்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். நல்ல உறவுகள் உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதம் கூடுதல். புகைபிடிப்பதை விடுவதோடு ஒப்பிடக்கூடிய பலன் அது. 2022-ல் ராஜ் செட்டி குழுவினர் அமெரிக்காவில் 7 கோடிக்கு மேற்பட்டவர்களின் 2,100 கோடி ஃபேஸ்புக் நட்புகளை ஆராய்ந்து, ஏழைப் பிள்ளை மேலே ஏறி வருவதற்கு வசதியுள்ளவர்களின் நட்பு கிடைக்கும் ஊரில் வளர்வது மிக வலுவான காரணங்களில் ஒன்று என்று கண்டார்கள். எந்த வேலைக்கு மனுப் போடுவது, எந்தப் படிப்புக்கு எங்கே போவது, போலீஸ் ஸ்டேஷனில் யாரிடம் பேசுவது என்பதெல்லாம் சிநேகிதம் வழியாகத்தான் காதுக்கு வருகிறது. சேரியை ஊரிலிருந்து பிரித்தபோது தண்ணியை மட்டும் பிரிக்கவில்லை, இந்தச் சேதிகளையும் பிரித்துவிட்டார்கள்.

எங்கள் பக்கம் சாதி தாண்டிய சிநேகிதமே இல்லை என்று நான் சொன்னால் அது பொய். நிறைய உண்டு. ஆனால் அது நடக்கிற இடங்களைப் பாருங்கள்: கம்மாய்க்கரை, மடை, மாடு மேய்க்கிற பொட்டல், புளியமரத்தடி, பஸ் ஸ்டாப்பு. எல்லாமே கூரை இல்லாத இடங்கள். நான் எந்தப் பள்ளியில் படித்தேன் என்பது இங்கே முக்கியமில்லை. ஆறாவதிலிருந்து பத்தாவதுவரை என்னோடு ஒரே பெஞ்சில் ஒருவன் இருந்தான். சாதாரண அறிமுகம் நெருங்கிய நட்பாக மாற 200 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. ஒரு வருசத்துக்கு 200 நாள், நாளுக்கு ஐந்து மணி நேரம் என்று வைத்தாலும் நாங்கள் ஐயாயிரம் மணி நேரம் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருக்கிறோம். ஆனாலும் அவன் எங்கள் தெருக் குழாயைத் தாண்டி வந்ததில்லை, நான் அவன் வீட்டு மாட்டுத் தொழுவத்தைத் தாண்டிப் போனதில்லை. ஒருநாள் தொழுவத்தில் நின்று மோர் கேட்டோம். அவன் ஆத்தா அவனுக்கு வெண்கலச் சொம்பில் கொடுத்துவிட்டு, கூரை இறவாரத்தில் செருகியிருந்த அலுமினியத் தம்ளரை எடுத்தது. நல்ல மனசுள்ள ஆத்தாதான், "நல்லாக் குடிப்பா" என்றுதான் ஊற்றியது. அவன் தம்ளரைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

கூப்பிடுகிற சொல்லின் சங்கதி இதைவிடச் சிக்கல். மதுரைப் பக்கம் சிநேகிதனை 'நண்பா' என்று யாரும் கூப்பிடுவதில்லை. மாப்ளே, மச்சான், பங்காளி. மாப்ளே, மச்சான் என்றால் பெண் கொடுத்து எடுக்கிற உறவு. பங்காளி என்றால் சொத்தில் பங்குள்ளவன். நட்புக்கென்று தனியாக ஒரு சொல் வைத்துக்கொள்ளாமல், சாதிக்குள்ளேயே சுற்றிவரும் உறவுமுறைச் சொற்களை எடுத்து நட்புக்கு உடுத்தியிருக்கிறோம். ஒருநாள் கம்மாய்க்கரையில் அவனை "மாப்ளே" என்று கத்திக் கூப்பிட்டேன். சைக்கிளில் போன அவன் சித்தப்பா காலை ஊன்றி நின்றார். "யார்றா ஒனக்கு மாப்ள? பொண்ணா குடுத்திருக்கே?" மறுநாள் பெஞ்சில் அவன் மெதுவாகச் சொன்னான்: "இனிமே பேரச் சொல்லியே கூப்பிடுடா." அகமணமே சாதியின் உயிர்நாடி என்று அம்பேத்கர் 1916-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் நிறுவியிருந்தார். அந்தச் சித்தப்பா அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் விசயம் அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

பின்னால் என் கல்யாணத்துக்கு அவன் வந்தான். மொய் எழுதினான். சாப்பாடு வேண்டாம், வயிறு சரியில்லை என்று ஒரு கலர் மட்டும் குடித்தான். கலருக்குத் தீட்டு இல்லை, மூடி போட்டுக் கம்பெனியிலிருந்து வருகிறது. வந்தவர்களில் பாதிப்பேருக்கு அன்றைக்கு வயிறு சரியில்லை.

இங்கே மேலூர்ப் பக்கத்து வரலாற்றில் இருந்தே ஒன்று. தும்பைப்பட்டிக் கக்கன் நமக்கு அடுத்த ஊர்க்காரர். 1939 ஜூலை 8-ல் வைத்தியநாதய்யர் தலைமையில் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனவர்களில் ஒருவர். அய்யருக்கும் கக்கனுக்கும் இருந்த பாசத்தைப் பற்றிப் பெரும்பாலும் தகப்பன் - மகன் என்றே சொல்கிறார்கள். நண்பர்கள் என்று சொன்ன ஆள் குறைவு. வயது வித்தியாசம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வயது வித்தியாசம் மட்டும்தானா? ஆதரித்தவர், ஆதரிக்கப்பட்டவர் என்று உறவு அமைந்துவிட்டால் அதில் அன்பு இருக்கலாம், நன்றி இருக்கலாம். 'வாடா, போடா' இருக்காது. காந்தியார் காலத்து அரிஜன சேவை நமக்கு ஏராளமான தகப்பன்களைக் கொடுத்தது, சிநேகிதர்களை அல்ல.

அம்பேத்கருக்கும் இது நேர்ந்தது. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறு நூலில் பரோடா நாட்களை அவரே எழுதியிருக்கிறார். வெளிநாட்டில் படித்துவிட்டு சமஸ்தான வேலைக்கு வந்தவருக்குத் தங்க இடம் இல்லை. பார்சி விடுதியில் ஒளிந்த மாதிரித் தங்குகிறார். 11-ஆம் நாள் தடிகளோடு ஒரு கும்பல் வந்து விரட்டுகிறது. ஊரில் இரண்டு நண்பர்கள். ஒருவர் இந்து. நீ வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்கிறார். இன்னொருவர் பிராமணக் குடும்பத்திலிருந்து வந்த கிறிஸ்தவர். மனைவி நாளை வருகிறாள், கேட்டுச் சொல்கிறேன் என்கிறார். அம்பேத்கர் பூங்காவில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு ராத்திரி வண்டியில் பம்பாய் திரும்புகிறார். இரண்டு நண்பர்களும் கெட்டவர்கள் என்று அவர் எழுதவில்லை. இருவருக்கும் நட்பு இருந்தது, வீடு அவர்கள் கையில் இல்லை. ஆனால் 1920-ல் லண்டன் படிப்பைத் தொடரப் புறப்பட்டபோது 5,000 ரூபாய் கடன் கொடுத்தவர் நவல் பாத்தேனா என்ற பார்சிதான். நியூயார்க்கில், ஊரும் சேரியும் இல்லாத ஒரு மாணவர் விடுதியில் உண்டான சிநேகிதம் அது. அதே சாதிசனம்தான் பரோடாவில் தடியோடு வந்தது. மனுசன் மாறவில்லை, இடம் மாறியிருந்தது.

ஆகவேதான் 1949 நவம்பர் 25-ல் அரசியல் நிர்ணய சபையில், சகோதரத்துவம் இல்லாவிட்டால் சமத்துவமும் சுதந்திரமும் மேல்பூச்சு வண்ணத்துக்கு மேல் ஆழம் போகாது என்று எச்சரித்தார். கடைசியில் அந்தச் சொல்லும் போதாமல் பௌத்தத்தின் மைத்ரியிடம் போனார். சகோதரன் என்றால் பிறப்பு வந்துவிடுகிறது, மைத்ரிக்கு அது தேவையில்லை.

ஒரே பள்ளியில் படித்தால் சரியாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தோம். கோர்டன் ஆல்போர்ட் 1954-லேயே, சும்மா சேர்ந்திருந்தால் வெறுப்புக் குறையாது, சமமான நிலை, பொதுவான குறிக்கோள், சேர்ந்து செய்யும் வேலை, அதிகாரத்தின் ஆதரவு ஆகிய நாலும் வேண்டும் என்று எழுதிவிட்டார். 2023 ஆகஸ்ட் 9-ல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனுடைய பள்ளிக்கூட மாணவர்களே. அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், பிள்ளைகள் கையில் சாதிக் கயிறு கட்டக்கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது என்றெல்லாம் பரிந்துரைத்தது. கயிற்றை அறுக்கலாம். மேலவளவில் அரசியல் சட்டமே நாற்காலியைக் கொடுத்தது. ஊராட்சித் தலைவர் முருகேசனும் கூட இருந்தவர்களும் 1997 ஜூன் 30-ல் மதுரையிலிருந்து திரும்பிய பஸ்ஸில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். வெட்டியவர்களும் வெட்டப்பட்டவர்களும் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அறிந்தவர்கள்.

மேட் லோ என்பவர் உத்தரப்பிரதேசத்தில் வெவ்வேறு சாதி இளைஞர்கள் 1,261 பேரைச் சேர்த்து, அவர்களில் ஒரு பகுதியினரைக் குலுக்கல் முறையில் கிரிக்கெட் டீம்களாகப் பிரித்து ஒரு மாதம் ஆட வைத்தார். முடிவு 2021-ல் வந்தது. ஒரே டீமில் வேறு சாதிக்காரரோடு ஆடியவர்களுக்குச் சாதி தாண்டிய நண்பர்கள் கூடினார்கள். எதிர் டீமில் வேறு சாதிக்காரர்களைச் சந்தித்தவர்களிடம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நடந்தது. பொங்கலுக்கு எங்கள் பக்கம் நடக்கிற டோர்னமெண்டில் ஊர் டீம் ஒன்று, காலனி டீம் ஒன்று. ஆராய்ச்சிக்காரர் கெடுதல் என்று காட்டிய அதே ஏற்பாட்டைத்தான் வருசா வருசம் கப்பு வைத்து நடத்துகிறோம். சில வருசங்களுக்கு முன்னால் இரண்டு டீமையும் கலந்து போடலாமே என்று காலனிப் பையன்கள் இருவர் போய்க் கேட்டார்கள். பந்தைப் பற்றியோ மட்டையைப் பற்றியோ பேச்சே வரவில்லை. அந்தப் பக்கம் ஒரு பெரியவர் கேட்டது ஒன்றுதான்: "அப்பச் சாப்பாடு எங்க வச்சு?"